அந்தச் சாக்கை அவிக்காதேங்கோ

"ஹலோ... ஹலோ... ஆர், மில்லோ?... வவுனியா மில்லோ?... ஓம், ஓம், மல்லாவியிலையிருந்து கதைக்கிறன். வீரம்மாக்காவை ஒருக்காக் கூப்பிடுங்கோ... வீரம்மா! உங்கை நெல்லு அவிக்கிற வீரம்மா... ஓம் ஐயா, சரியான அவசரம். அடுப்பு மூட்டப்போறா எண்டால் மூட்டவேண்டாமெண்டு கத்திக்கொண்டே ஓடுங்கோ... ஏனெண்டு பேந்து சொல்லுறன், நீங்கள் முதல் ஓடுங்கோ!"

நேசமலருக்கு ஆண்டவன் குரலை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாமல் அள்ளிக் கொடுத்திருந்தான். வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று அவள் கூப்பிட்டால் மூன்று வயல் தாண்டி மாடு திரும்பிப் பார்க்கும். மல்லாவித் தபாற்கந்தோரிலோ தொலைபேசி ஒன்றே ஒன்று; அது தபாலதிபர் முத்துலிங்கத்தின் மேசை மூலையில் இருந்தது. அந்த மேசைக்கும் முத்திரை வாங்க நின்ற ஐந்தாறு பேருக்கும் நடுவில் இடுப்பளவு பலகைத் தடுப்பு மட்டும்தான். வரிசையின் முன்னால் நின்றவன் யோகநாதன், அவளுடைய பக்கத்து வயற்காரன். முத்திரை வாங்க வந்தவன் அதை மறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

எட்டு மணிக்குப் பதிந்த அழைப்பு ஒன்பதரைக்குத்தான் கிடைத்தது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் சுவரோர மரவாங்கில் உட்காரவேயில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்து, முத்துலிங்கத்தையே தலைசுற்ற வைத்துவிட்டாள்.

"ஹலோ! அக்கா! நான் நேசம்... நேசமலர்... ஐயோ, மல்லாவி நேசம் அக்கா, மகரகம ஆசுபத்திரியிலை உங்கட பக்கத்துக் கட்டில்!... ஆ, ஓம், ஓம்... நல்லாயிருக்கிறன்... இவரும் நல்லாயிருக்கிறார்... மாடும் நல்லாயிருக்கு. அக்கா, குசலம் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆண்டியப்பன்ர லொறியிலை ஒரு சாக்கு நெல்லு அனுப்பினனான், வந்ததோ?... வந்திட்டுதோ. அவிச்சிட்டியளோ?... அவிச்சிட்டியளோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ முதல்!... ஊறப் போட்டதோ? நேத்துப் பின்னேரம்... ஊறப் போட்டதோடை நிக்குதோ? நெருப்பு வைக்கேல்லைத்தானே?... என்ர அம்மாளாச்சி! அக்கா, அந்தச் சாக்கை அவிக்காதேங்கோ. அது விதைநெல்லு!"

விதைநெல் என்றதும் வரிசையில் நின்ற அத்தனை தலையும் திரும்பியது. யோகநாதன் வாயைத் திறந்தபடி நின்றான்.

திரும்பாமல் என்ன செய்யும்? ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு, வைகாசி மாதம். வவுனிக்குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்குத் திறந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. குடியேற்றத் திட்டத்தில் எல்லாரும் சேறடித்து மட்டம் பண்ணிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் ஒருவர் மாட்டைக் கேட்டால் கொடுப்பார்கள், மண்வெட்டியைக் கேட்டால் கொடுப்பார்கள். விதைநெல்லை யாரும் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நேசமலர் வீட்டில் அதற்கு ஓர் ஒழுங்கே இருந்தது. சூடடித்து வரும் முதல் சாக்கு நெல்லை அவள் தன் கையால் காயவைத்து, வாயைத் தைத்து, தன்னுடைய பழைய சேலையொன்றின் சிவப்புக் கரையில் கிழித்த துண்டால் கட்டுவாள். அந்தச் சிவப்பைக் கண்டால் வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அந்தச் சாக்கில் எவரும் கைவைக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய நாள் தொடக்கம், பன்னிரண்டு வருடமாக, அதைக் கட்டுவதும் அவள்தான், விதைக்கிற நாளில் கழட்டுவதும் அவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, கணவன் ஐயாத்துரை வயலுக்குப் போயிருந்த நேரம், அந்தத் துண்டைக் கழட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சாக்கை லொறியில் ஏற்றிவிட்டவளும் அவள்தான். வீரம்மாவிடம் கொடு, அவித்துக் குத்திச் சாப்பிடச் சொல்லு என்று ஆண்டியப்பனிடம் சொல்லியனுப்பினாள். நேற்று இரவு ஐயாத்துரை கால் கழுவிக்கொண்டே, சேறு சரி, நாளைக்கு விதைநெல்லை ஊறப்போடு என்றார். அவளும் ஓம் என்றாள். பிறகு விடியும்வரை கண்ணை மூடவில்லை. விடியப்புறம் கொஞ்சம் அயர்ந்து எழும்பிப் பார்த்தால் மனிதரைக் காணவில்லை. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். வாய்க்காலடிக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு இவள் தபாற்கந்தோருக்கு ஓடிவந்தாள்.

"என்ன?... இல்லை அக்கா, மாறி அனுப்பேல்லை. விதைநெல்லு எண்டு தெரிஞ்சுதான் அனுப்பினனான்... விசர்தான். ஓம், விசர்தான், ஒத்துக்கொள்ளுறன்... என்ன, ஆரோ வந்திருக்கினமோ? எங்கை, நெல்லு ஊறுற தொட்டியடியிலையோ?... நிக்கட்டும் அக்கா, மில் எண்டால் நாலுபேர் வந்து நிப்பினம்தானே... பொறுங்கோ, பொறுங்கோ, நான் சொல்லுறதை முதல் கேளுங்கோ. மூண்டு நிமிஷத்திலை வெட்டிப்போடுவாங்கள்... நீங்கள் பேந்து சொல்லலாம். எனக்கு இப்ப விட்டால் துணிவு வராது."

அவள் வரிசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இரகசியம் பேசுகிற நினைப்பு.

"கடுதாசி வந்திட்டுது... கடுதாசி... மகரகமவிலையிருந்து. போனமாசம் கிளினிக்கிலை கமக்கட்டுக்கை ஒரு துண்டு வெட்டி எடுத்தவையெல்லே... அதின்ர மறுமொழி... கேக்கேல்லையோ?... மறுமொழி வந்திட்டுது... அந்த வருத்தம்... அந்த வருத்தம் அக்கா... எந்த வருத்தமோ? நான் என்ன தடிமனுக்கே மகரகமைக்குப் போறனான்?... கேக்கேல்லையோ?... திரும்ப... திரும்ப வந்... ஐயோ, இந்த லைன் நாசமாப் போக! கான்சர் திரும்ப வந்திட்டுது அக்கா!"

யோகநாதன் தன் கால் பெருவிரலைக் கண்டுபிடித்தவன்போல் குனிந்து அதையே பார்த்தான். முத்துலிங்கத்துக்கு மட்டும் இது புதுச் செய்தியல்ல. ஆங்கிலத்தில் வந்த அந்தக் கடிதத்தைப் பத்து நாளுக்கு முன் இதே மேசையில் வைத்து அவளுக்கு வாசித்து விளங்கப்படுத்தியவரே அவர்தான். அவர் தபால் முத்திரைக் கட்டையைத் தூக்கி, முன்னால் கிடந்த கடிதங்களில் டொக்கு டொக்கென்று குத்தத் தொடங்கினார். ஏற்கனவே குத்திய கடிதங்களிலும் குத்தினார். அவளுடைய குரலை மூடிவிட அவரால் செய்யக்கூடியது அதுதான்.

நேசமலருக்கு அழுகை வருமென்று நினைத்தால் கோபம்தான் வந்தது. சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"சரி, ஊருக்கே சொல்லியாச்சு, இனி என்ன குசுகுசுப்பு... ஓம் அக்கா... ஓம்... திங்கட்கிழமை வந்து வாட்டிலை படுக்கட்டாம். ஆறு கிழமை அந்தக் கதிர்க் கரண்ட் பிடிக்கவேணுமாம்... இல்லை. போறேல்லை எண்டுதான் இருந்தனான்... ஏசுங்கோ, ஏசுங்கோ, அதுக்குத்தானே கோல் எடுத்தனான்... அக்கா, முதல் தரம் எனக்கு இவ்வளவு பயம் இருக்கேல்லை. ஏனெண்டால் என்னெண்டே தெரியாது. ஓப்பிரேசன் எண்டாங்கள், சரியெண்டு போய்ப் படுத்தன். இப்ப எல்லாம் தெரியும். அந்த வாட்டின்ர மணம் தெரியும். ஆர் ஆர் பக்கத்துக் கட்டிலிலை இருந்து எழும்பிப் போகேல்லை எண்டும் தெரியும். தெரிஞ்சதுதான் அக்கா பயமாக்கிடக்கு..."

"நாலு வருஷமா விடிய எழும்பினவுடனை கமக்கட்டுக்கைதான் முதல் கைவைக்கிறனான். சாமி கும்பிடுறது அதுக்குப் பிறகுதான்... ஓம், சிரியுங்கோ... ஒரு நாள் தட்டுப்பட்டுது. பயறு அளவுதான். அதோடை எல்லாத்திலையும் ஒரு கேள்வி. புதுச் சட்டி வாங்கினால், இதை நான் எத்தினை நாளைக்கு அடுப்பிலை வைப்பன்? பலாக்கண்டு நட்டால், இது காய்க்க நான் எங்கை? அந்தச் சாக்கு வேறை மூலையிலை சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டு நிக்குது. அடுத்த வெட்டுக்கு நீ நிப்பியோ, நிப்பியோ எண்டு. பொறுக்கேலாமல் போச்சு. சாக்கும் வேண்டாம், கேள்வியும் வேண்டாமெண்டு தூக்கி லொறியிலை போட்டன். ஆரும் சாப்பிடுறதெண்டால் நீங்கள் சாப்பிடுங்கோ எண்டு... ஆ? ஆரது?... எக்ஸ்சேஞ்சோ? மூண்டு நிமிஷம் முடிஞ்சுதோ? பிள்ளை, நீட்டிவிடும் பிள்ளை, உமக்குப் புண்ணியமாப் போகும்... ஓம், மற்ற மூண்டு நிமிஷத்தையும் போடும்... ஹலோ, அக்கா? நிக்கிறியளோ?"

முத்துலிங்கம் முத்திரை குத்துவதை நிறுத்தி, ஒரு கதிரையை அவள் பக்கமாகக் காலால் தள்ளிவிட்டார். அவள் அதில் தன் பையை வைத்தாள்.

"என்ன சொன்னனீங்கள்?... நீங்களோ? உங்களுக்குமோ?... மெய்யே அக்கா? கிளினிக்குக்கு முதல் நாளோ?... வீட்டிலை கிடக்கிற சட்டி பானை முழுக்கவோ?... விடிய விடியவோ விளக்கிறனீங்கள்? பூவரசங்குளத்திலை கிடக்கிற சட்டியெல்லாம் தேய்ஞ்சு ஓட்டையாகப் போகுது!... ஐயோ அக்கா... நான் உங்களைப் பாத்து நினைக்கிறது, இந்த மனிசிக்கு நெஞ்சு கருங்கல்லு, றெயிலுக்கை கச்சான் கொறிச்சுக்கொண்டு வருது எண்டு... பயத்திலைதான் கொறிச்சனீங்களோ? எனக்கு ஒரு கொட்டைகூடத் தராமல்!... ஹா, ஹா... நீங்கள் சட்டி விளக்குறியள், நான் சாக்கைத் தூக்கிக் குடுக்கிறன். நல்ல சோடிதான் நாங்கள்."

மலைநாட்டிலிருந்து வந்து பூவரசங்குளத்தில் குடியேறிய வீரம்மாவை, மகரகம வாட்டில் பக்கத்துக் கட்டிலில் கண்ட நாள் தொட்டு நேசமலருக்குத் தெரியும். நாலு வருடமாக ஆறு மாதத்துக்கு ஒருதரம் இரண்டுபேரும் வவுனியாவில் ஒரே றெயில் ஏறிப் போய்வருகிறார்கள். வீரம்மாவுக்கும் பயம் இருக்கிறது என்று கேட்டதில் நேசமலருக்கு ஏனோ வயிறு நிறைந்தமாதிரி இருந்தது. பத்து நாளில் முதல் தரம் அவள் பல்லுத் தெரியச் சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தார்கள்.

"சரி அக்கா, நெல்லுக் கதைக்கு வாங்கோ. ஒரு இரவுதானே ஊறினது? அப்ப பழுதில்லை, விதைக்கிறதெண்டாலும் அவ்வளவுதான் ஊறவேணும். தண்ணியை வடிச்சு, சாக்கோடை கட்டி, ஆண்டியப்பன்ர லொறி மத்தியானம் வரும், ஏத்திவிடுங்கோ. நாளையண்டைக்கு முளை வந்திடும், வெள்ளிக்கிழமை விதைக்கவேணும். பிந்தினால் எல்லாம் அழுகிப்போம்... ஓம், அதுதான்... ஆனா அக்கா, ஒண்டு. இவருக்கு மட்டும் மூச்சுக் காட்டக்கூடாது... சாக்குக் கதையும் வேண்டாம், கடுதாசிக் கதையும் வேண்டாம்... சொல்லமாட்டன்! போன முறை நான் ஆசுபத்திரியிலை கிடக்க, தூண் மாதிரி நிண்ட மனிசன் ஈர்க்கு மாதிரி வந்து நிண்டார். ஒன்றரை மாசம் பாணும் பச்சைத் தண்ணியும். எனக்கு வருத்தம் வந்ததைவிட அதுதான் அக்கா... இன்னொருக்கா அந்த முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது. அதாலைதான் சொல்லேல்லை. அதாலைதான் போகவும் மாட்டனெண்டு... என்ன?... ஏன் அக்கா பேசாமல் நிக்கிறியள்?... ஆர்?"

அவளுடைய கை பலகைத் தடுப்பைப் பிடித்தது.

"தொட்டியடியிலை நிண்டது... இவரோ?... எப்ப வந்தவர்?... முதல் பஸ்ஸிலையோ... அப்ப ஏன் அக்கா முதலே சொல்லேல்லை?... ஓம்... ஓம், நான்தான் விடேல்லை... இப்ப எங்கை நிக்கிறார்?... பக்கத்திலையோ? எவ்வளவு நேரமா?... அந்த... கான்சர் எண்டு நான் கத்தினது... அதுவும் கேட்டதோ?... ஐயோ, குடுக்காதேங்கோ! அக்கா, அவரிட்டைக் குடுக்காதேங்கோ, நான் வைக்கப்போறன்... நான்..."

வைக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முத்துலிங்கம் அவளுடைய பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை இன்னும் கிட்டத் தள்ளினார். இந்தமுறை அவள் இருந்தாள்.

"...ஓம். நான்தான்... இல்லை, இன்னும் சாப்பிடேல்லை... புட்டு அவிச்சுக் குசினியிலை மூடி வைச்சிருக்கு... நீங்கள் சாப்பிட்டனீங்களோ?... ஓம்... ஓம்... ஒளிக்கவேணுமெண்டு இல்லை... சரி, ஒளிச்சனான்தான்... கத்தாதேங்கோ என்னப்பா... கத்தேல்லையோ? அப்ப ஏன் குரல் அப்பிடிக் கிடக்கு?... அழுறியளோ?... தடிமனோ? வைகாசி வெயிலிலை தடிமனோ... சரி, தடிமன்தான். மூக்கைத் துடையுங்கோ, மில்லிலை ஆக்கள் பாக்குங்கள்..."

யோகநாதன் வெளியே மதிலில் சாத்திவைத்த தன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாக்குக் கதை உங்களுக்கு ஆர் சொன்னது?... சிவப்புத் துண்டோ?... அது என்ர அலுமாரிக்கையெல்லோ வைச்சனான். நீங்கள் ஏன் என்ர அலுமாரியைத் திறந்தனீங்கள்?... சால்வை தேடியோ... ம்... ம்... ஓம், நான் அதை ஒருநாளும் விதைக்க முதல் கழட்டினதில்லை... அதைக் கண்டவுடனை சாக்கு மூலையைப் போய்ப் பாத்தனீங்களோ... பேந்து ஆண்டியப்பனிட்டைப் போய்க் கேட்டியளாக்கும். அவன்ர வாய் நிக்காதே... ராத்திரி என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாமே?... நான் நித்திரையெண்டு நினைச்சியளோ. நானும் நீங்கள் நித்திரையெண்டு நினைச்சுக்கொண்டு அசையாமல் கிடந்தனான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கும் தடிமன்.

"இல்லை... இல்லை, எனக்கு ஏலாது. பயமாக்கிடக்கு என்னப்பா. மெய்யாப் பயமாக்கிடக்கு. இந்தமுறை சுகம் வருமெண்டு அந்தக் கடுதாசியிலை ஒரு இடத்திலையும் போடேல்லை, முத்துலிங்கம் அண்ணையை ரெண்டுதரம் வாசிப்பிச்சனான்... என்ன?... உங்களுக்கும் பயமோ?... அப்ப என்ன செய்யிறது?... ரெண்டுபேரும் பயந்துகொண்டே போவமோ... ம். பயந்துகொண்டு ஏறினாலும் றெயில் போகும்தான்... வீரம்மாக்காவும் வாறாவாமோ? சட்டி விளக்கி முடிச்சிட்டாவாமோ?... வயலோ? விதைச்சுப்போட்டு ஆறு கிழமை ஆர் பாக்கிறது?... நில்லுங்கோ, இஞ்சை ஒராள் கையைக் காட்டுது... யோகநாதன். ஓம், அவன் நிண்டு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறான். தான் தண்ணி பாக்கிறானாம்... அவனுக்குத் தன்ர வயலுக்கே ஒழுங்காத் தண்ணி கட்டத் தெரியாது... சரி, சரி, பாக்கட்டும். நல்ல மனம்தானே. வரம்பை உடைச்சானெண்டால் வந்து பேசுறன்."

யோகநாதன் முகம் சிவந்தாலும் தலையைப் பலமாக ஆட்டினான்.

"அப்ப வெள்ளிக்கிழமை விதைக்கிறம். ஞாயிற்றுக்கிழமை றெயில்... ஓம், சொன்னால் சொன்னதுதான்... வாறன் எண்டு சொல்லுறன்தானே! எத்தினைதரம் சொல்லுறது?... ஆ? பிள்ளை, இன்னும் ஒரு நிமிஷம் பிள்ளை, முடிக்கப்போறன்... ஹலோ! என்னப்பா, அந்தத் துண்டு இப்ப எங்கை?... மடியிலையோ. பஸ்ஸிலை கொண்டுபோனீங்களோ அதை... என்ன, அந்த ஈரச் சாக்கிலையோ கட்டப்போறியள்? வேண்டாம், வேண்டாம்! அது நாளையண்டைக்குச் சேத்துக்கை போற நெல்லு, அதுக்கு என்னத்துக்குச் சிவப்பு? துண்டைப் பத்திரமா வைச்சிருங்கோ. இது மூண்டரை மாச நெல்லு. ஆவணியிலை வெட்டி, சூடடிச்சு, முதல் சாக்கு வரட்டும். நான்தான் கட்டுவன்... ஓம், நான்தான். நீங்கள் கட்டினால் அடுத்தநாளே குலைஞ்சுபோம். கேக்குதோ? ஆவணியிலை நான்... ஹலோ?... ஹலோ?... என்னப்பா?..."

லைன் அறுந்துவிட்டது. நேசமலர் ரிசீவரை இரண்டுதரம் தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். பிறகு அதை வைத்துவிட்டு முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, இன்னொரு கோல் பதியுங்கோ, அதே மில்லுக்கு... எவ்வளவு நேரமெண்டாலும் பரவாயில்லை. ஆவணி எண்டு நான் சொன்னது அவருக்குக் கேட்டுதோ தெரியேல்லை."

பையை எடுத்துக்கொண்டு போய் வாங்கில் இருந்தாள்.